பதினெட்டு எண்கள் கூடிய மரம்

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தவர்களைக் காவல் நிலையத்திலிருந்து தொலைபேசியில் அழைப்பது புதிதல்ல. ஆனால் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண்ணை அழைத்தவர், போனையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வரச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஆதார் கேட்கவில்லை. முகவரிச் சான்று கேட்கவில்லை. இவள் ஒழுங்கானவள் என்று சொல்ல அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் இருக்கிறார்களா என்றும் கேட்கவில்லை. சார்ஜர் கேட்கிறார்கள் என்றால் போன் அங்கே சில நாள் தங்கப்போகிறது என்று பொருள். முப்பத்தேழு வருடம் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இதைக்கூட ஊகிக்கத் தெரியாவிட்டால் ஓய்வூதியம் வாங்குவது நியாயமில்லை.

அவள் ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைன் லீடர். சொந்த ஊர் தளிக்கு மேலே ஒரு சின்னக் கிராமம். கம்பெனி மூன்று பேரை இரண்டு மாதப் பயிற்சிக்கு வியட்நாம் அனுப்புவதாக இருந்தது. போய் வந்தால் பயிற்சியாளர் வேலை, ஷிப்ட் கிடையாது. மூன்றில் ஒருத்தி இவள். மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்க வேண்டும். தவறினால் நான்காவதாக இருந்தவளுக்கு இடம் போய்விடும். அந்த நான்காவது பெண் தினமும் காலையில் மிகுந்த பாசத்தோடு, வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அழைப்பு வந்ததும் இவள் யூனிபார்மைக்கூட மாற்றாமல், கைப்பையில் போனும் சார்ஜருமாகக் கீழே இறங்கி வந்தாள்.

"போய்ட்டு வந்துடறன் ஆன்ட்டி. கேட்டதக் காட்டிட்டா முடிஞ்சிடும்."

"என்ன கேட்டாங்க?"

"தெரியல."

"கேட்காததை எப்படிக் காட்டுவ? உட்காரு."

அழைத்த எண்ணுக்கு நானே திரும்ப அழைத்தேன். இந்தப் பெண் உங்கள் கணக்கில் விண்ணப்பதாரரா, சாட்சியா, குற்றம் சாட்டப்பட்டவரா என்று கேட்டேன். விண்ணப்பதாரர் என்றால் விசாரிக்கும் அதிகாரி முகவரிக்கு வர வேண்டும். சாட்சி என்றால், பெண்ணை நிலையத்துக்கு வரச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை, அவள் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். மூன்றாவது என்றால் எழுத்தில் கொடுங்கள் என்றேன். மறுமுனையில் இருந்தவர், நீங்கள் யார், வக்கீலா என்று கேட்டார். இல்லை, ரிடையர்டு என்றேன். அது வக்கீலைவிட மோசம் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார்.

அந்த இரண்டு நாளும் அவள் என்மேல் கோபமாக இருந்தாள். அவர்களைச் சீண்டிவிட்டதாக நினைத்தாள். போனில் அப்படி என்ன இருக்கிறது என்று நானும் கேட்டுப் பார்த்தேன்.

"தப்பா ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. சேலை கட்டி எடுத்த போட்டோ, லைன் குரூப்ல மேனேஜரத் திட்டினது, அப்பறம்..." என்று நிறுத்தினாள். "தப்பா இல்ல. ஆனா என்னோடது."

இதற்கு மேல் கேட்கும் தகுதி எனக்கில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தது டிரங்க் கால் காலத்தில், கிருஷ்ணகிரியில். இரண்டு முனையையும் இணைத்து, "பேசுங்க" என்று சொன்னதும் ஆபரேட்டர் தன் இணைப்புச் சாவியை மூடி லைனிலிருந்து விலகிவிட வேண்டும் என்பது விதி. விலகுவோம். சில சமயம் தாமதமாக விலகுவோம். மாங்கூழ் ஆலை முதலாளி ஒருவருக்கு எந்த ஊரில் இரண்டாவது குடும்பம் இருந்தது என்பது அவருடைய முதல் குடும்பத்துக்குத் தெரிவதற்கு முன்பே எங்கள் ஷிப்டில் ஆறு பேருக்குத் தெரியும். ஆனால் வெளியே மூச்சு விட்டதில்லை. கேட்கலாம், கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. எழுதப்படாத அந்த ஒரு விதியை மட்டும் நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம்.

பிறகு பதவி உயர்ந்து, அரசாங்கம் அதிகாரபூர்வமாக ஒட்டுக் கேட்கும் கோப்புகள் என் மேஜைக்கு வந்தன. ஒரு எண்ணுக்கு ஒரு ஆணை. உள்துறைச் செயலாளர் கையெழுத்து, மூடி முத்திரையிட்ட உறை, இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டிக்க வேண்டுமானால் மறுபடியும் கையெழுத்து. ஒருவருடைய பேச்சைக் கேட்க அத்தனை பேர் பேனாவைத் திறக்க வேண்டியிருந்தது. அலுப்பு என்பதே ஒருவகைப் பாதுகாப்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வந்தவர் சப் இன்ஸ்பெக்டர். முப்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கம். ஓசூர்க் குளிருக்கு இன்னும் பழகாமல் சட்டைக்குள் பனியனுக்கு மேல் பனியன் போட்டிருந்தார். காபியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், நில எடுப்பை எதிர்த்து ஒரு சாலை மறியல் நடந்திருக்கிறது. அளக்க வந்த வண்டியின் கண்ணாடியை யாரோ உடைத்திருக்கிறார்கள். அங்கிருக்கும் போலீஸ், அன்று அந்த வட்டாரத்து செல்போன் கோபுரங்களில் பதிவான அத்தனை எண்களையும் வாங்கிவிட்டது. அதில் தமிழ்நாட்டு முகவரி உள்ளவற்றைப் பிரித்து, விசாரிக்கும்படி இங்கே அனுப்பியிருக்கிறது. இவள் பெயரில் உள்ள எண் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அது தீரும்வரை பாஸ்போர்ட் விசாரணையில் அவர் கையெழுத்துப் போட முடியாது.

பட்டியலைப் பார்க்க வேண்டும் என்றேன். காட்டக்கூடாது மேடம் என்றார். போனைத் திறந்து காட்டச் சொல்லும் ஆணையையாவது காட்டுங்கள் என்றேன். அது இல்லை. இல்லாததைக் காட்டுவதைவிட இருப்பதைக் காட்டுவது எளிது என்று முடிவு செய்து, பையிலிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்து வைத்தார்.

பக்கம் பக்கமாக எண்கள். என் காலத்தில் ஒரு எண்ணுக்கு ஒரு ஆணை என்றேனே, இங்கே ஒரு கடிதத்துக்கு ஒரு வட்டாரமே வந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர், பெண் பார்க்கப் போனவர், பால் ஊற்றப் போனவர், வீட்டில் சும்மா இருந்தவர், எல்லோரும் சிம் கார்டில் உள்ள பெயரோடு வரிசையாக. யார் யாரோடு பேசினார்கள், எந்த நேரத்தில் எந்தச் செயலியில் எவ்வளவு இணையம் இழுத்தார்கள் என்பது வரை. என்ன பேசினார்கள், என்ன படித்தார்கள் என்பது மட்டும்தான் இல்லை. அது பூட்டியிருக்கிறதாம். அதனால்தான் போனையே கேட்கிறார்கள்.

இவள் எண்ணோடு சேர்த்துப் பதினெட்டு எண்களுக்கு மஞ்சள் மை பூசியிருந்தது. பதினெட்டும் ஒரே கோபுரத்தின் ஒரே பக்கத்தில், காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை. ஒரு எண்கூட ஒரு நிமிடம் அடுத்த கோபுரத்துக்கு மாறவில்லை.

"பாத்தீங்களா மேடம்? பதினெட்டுப் பேரு ஒரே எடத்துல, நாள் பூரா அசையாம இருந்திருக்காங்க. பதினேழு பேரு நெட்டே போடல. இந்த ஒரு நம்பர் மட்டும் காலைல இருந்து சாயங்காலம் வர நெட்லயே இருக்கு. இதுதான் தலைமைன்னு அவங்க சொல்லுதாங்க."

மனுஷன் என்றால் பத்தரை மணி நேரத்தில் ஒருவனாவது ஒதுங்கப் போயிருப்பானே என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மரியாதைக்காகக் காபியைக் குடித்தார்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்து எண்ணைப் படித்தாள். அது அவளுடைய பழைய எண். புது எண் வாங்கியபோது அந்த சிம்மை ஊரில் அப்பாவிடம் கொடுத்துவிட்டிருக்கிறாள். மாதாமாதம் இங்கிருந்தே ரீசார்ஜ் செய்கிறாள். அன்று அவள் தொழிற்சாலையில் இருந்ததற்குச் சான்று வேண்டும் என்றார் சப் இன்ஸ்பெக்டர். அதற்கும் ஒரு தாள் கிடைத்தது. முகத்தைப் பார்த்துத் திறக்கும் வாசல் கதவு அவளை எத்தனை மணிக்கு உள்ளே விட்டது, கேன்டீனுக்கு எப்போது அனுப்பியது, கழிப்பறைக்குப் போய் எத்தனை நிமிடத்தில் திரும்பினாள் என்று எல்லாம் அவள் கம்பெனியில் இருந்தது. பணியாளர் பிரிவிலிருந்து அரை மணி நேரத்தில் போனுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு கண்காணிப்பிலிருந்து அவளைக் காப்பாற்ற இன்னொரு கண்காணிப்பு சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. நானும் வெட்கமில்லாமல் அதைப் பிரிண்ட் எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டு, "சரி, இவங்க இல்ல," என்றார். "அப்போ இவங்க அப்பாதான் தலைமை."

அவள் முகம் மாறிவிட்டது. தன் மேலிருந்து துடைத்த அழுக்கு அப்பாவின் சட்டையில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தவள்போலக் கொஞ்ச நேரம் அந்த மஞ்சள் வரிகளையே பார்த்தாள். மற்ற பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். சித்தப்பா. பக்கத்து வீட்டு அத்தை. கோஸ் வண்டிக்காரர். அப்புறம் சட்டென்று நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"சார், இது ஆளுங்க இல்ல. பெட்டி."

"என்ன பெட்டி?"

"தக்காளிப் பெட்டி."

அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. உண்மையில் நானும் பாதிதான் நம்பினேன். நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. இவளைப் போலீஸ் வண்டியில் ஏற்ற நான் ஒப்பவில்லை. அடுத்த நாள் அவளும் நானும் என் பழைய காரிலும், அவர் தன் பைக்கிலுமாகப் போனோம்.

தளியைத் தாண்டி ஏறியதும் என் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் ஒன்றும் இல்லை. கிராமம் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. இருபது வீடு, சுற்றிலும் கோஸ், ரோஜா, செண்டுமல்லி. நம் பக்கத்துக் கோபுரங்களின் அலை மேட்டோடு நின்றுவிடுகிறது. ஊருக்குக் கிழக்கே ஒரு நாவல் மரம். அதற்குக் கீழே மட்டும், மலை இடுக்கு வழியாகக் கர்நாடகத்துக் கோபுரம் ஒன்று எட்டிப் பார்க்கிறது. அந்த மரத்தின் கிளையில், ஆள் உயரத்தில், தக்காளி ஏற்றும் சிவப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று கயிற்றில் தொங்கியது. மேலே சாக்கு மூடி. உள்ளே, உறை போட்டும் ரப்பர் பேண்ட் சுற்றியும் நூல் கட்டியும் அடையாளம் வைத்த பதினெட்டு போன்கள்.

காலையில் காட்டு வேலைக்குப் போகும்போது பெட்டியில் போடுவார்கள். பொழுது சாயும்போது எடுத்துக்கொள்வார்கள். பூ விலை, கோஸ் விலை எல்லாம் ஏதோ ஒரு குரூப்பில் படமும் குரலுமாக வருகிறது. அதற்கு இணையம் வேண்டும். இவள் அப்பாவின் எண்ணுக்கு மகள் பெரிய பிளான் போட்டு விட்டிருப்பதால், அவர் தன் போனின் ஹாட்ஸ்பாட்டை நாள் முழுக்கத் திறந்து வைத்துவிடுவார். மற்ற பதினேழும் அதைக் குடித்துக்கொண்டிருக்கும். அரசாங்கத்தின் பதிவில் பதினேழு பேர் மௌனமாக அமர்ந்திருக்க ஒரு தலைவர் ஓயாமல் இயங்கிய கூட்டம் அதுதான்.

இவள் அப்பா காட்டிலிருந்து மண் கையோடு வந்தார். மகள் தெலுங்கில் ஏதோ சொன்னாள். அவர் எங்களிடம் தமிழில், உட்காருங்க என்றார். சப் இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை. பெட்டிக்குள் கைவிட்டு ஒரு போனை எடுத்தார். பூட்டே இல்லை, தொட்டதும் திறந்துகொண்டது. அவர் விரல் மேலே கீழே போக ஆரம்பித்தது.

"அத வெச்சிடுங்க சார்," என்றார் அப்பா. குரல் உயரவில்லை.

"பூட்டே போடல. யார் வேணா எடுக்கலாம்னுதான தொங்க விட்டிருக்கீங்க?"

"அடிச்சா யாரு வேணா எடுக்கலாங்க. காட்டுல இருக்கறவங்களுக்கு ஓடிப்போய் சேதி சொல்லணும் இல்ல? உள்ள நோண்டறது வழக்கமில்லீங்க."

"நோண்டுனா என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டம். அடுத்த நாள்ல இருந்து அவன் போனுக்குப் பெட்டியில எடம் இல்ல. ஒருத்தன் பாத்தான், பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ள ஊட்டுக்காரங்க அனுப்பன சேதிய. ரெண்டு போகம் கோஸ் வெட்டற வரைக்கும் தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னுக்கினுதான் பேசினான்."

சட்டப்படி சப் இன்ஸ்பெக்டர் என்ன செய்திருக்கலாம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் அவர் அந்தப் போனின் நூலைச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். ஆணை, ஆய்வுக் குழு, முத்திரையிட்ட உறை என்று நான் அத்தனை வருடம் கோப்பில் கட்டிக் காத்ததை இந்த ஊர் ஒரு தக்காளிப் பெட்டியில் வைத்திருந்தது. தண்டனை உட்பட.

அடுத்து என்ன செய்வதென்று இன்ஸ்பெக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அவர் தன் போனை எடுத்தார். மரத்தடியில் நின்று இரண்டு முறை கூப்பிட்டும் இன்ஸ்பெக்டர் எடுக்காததால், திரும்பக் கூப்பிடுவார் என்று தன் போனையும் பெட்டியில் போட்டுவிட்டு, இருபதடி தள்ளியிருந்த கொட்டகைக்கு எங்களோடு டீ குடிக்க வந்தார். கர்நாடகத்துக் கோபுரம் அடுத்த பட்டியலுக்காக அவர் எண்ணையும் குறித்துக்கொண்டிருக்கும் என்று நான் சொல்லவில்லை. விருந்தாளியாகப் போன இடத்தில் எதற்கு?

டீ பாதியில் இருக்கும்போது போன் அடித்தது. தலையில் புல்கட்டோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் கட்டை இறக்காமலே எடுத்தார்.

"ஹலோ, யாரு மாத்தாடோது?" என்று, யார் பேசுவது எனக் கன்னடத்தில் கேட்க ஆரம்பித்து, எதிர்முனையின் குரலைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். "அவுரா? அவுரு கொட்டாயில டீ குடிச்சிக்கினு இருக்காரு. நான் சொல்லிடறன். நீங்க யாருன்னு சொல்றது?"

சப் இன்ஸ்பெக்டர் அன்று ஓடிய ஓட்டத்தை அவர் பயிற்சிக் கல்லூரியிலும் ஓடியிருக்க மாட்டார். திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது. இன்ஸ்பெக்டர் என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டார். பையிலிருந்து படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

படிவத்தில், கூட்டத்தில் கலந்துகொண்டாரா, ஆம் அல்லது இல்லை என்று ஒரு கட்டம். அவர் பேனாவைக் கடித்தார்.

"போன் கலந்துக்கிட்டிருக்கு, ஆளு கலந்துக்கிடல. இதுக்கு என்ன போட மேடம்?"

"இல்லை என்று போடுங்க. மிச்சத்தைக் குறிப்பில் எழுதலாம்."

நான் சொல்லச் சொல்ல எழுதினார். மேற்படி பதினெட்டு கைபேசிகளும் சம்பவ நாளில் மரத்தில் கட்டப்பட்ட பெட்டியில் இருந்தன என்றும், அவற்றின் உரிமையாளர்கள் அவரவர் நிலத்தில் வேலையில் இருந்தார்கள் என்றும், நேரில் பார்வையிட்டு உறுதி செய்யப்பட்டது என்றும். அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மகள் பெயரில் உள்ள சிம்மை அப்பா பெயருக்கு மாற்றிவிடும்படி நான் தனியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அந்த ஓட்டை உண்மையில் இருந்தது, மறைத்தால் நாளைக்கு யாராவது கண்டுபிடிப்பார்கள். அந்த வாரமே மாற்றியும் விட்டார்கள்.

கிளம்பும்போது, இந்தப் பட்டியலை எப்போது அழிப்பீர்கள் என்று சப் இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். அது சிஸ்டத்துல இருக்கும் மேடம் என்றார், வானத்தைக் காட்டுவதுபோலக் கையைக் காட்டி. அவரை அதற்கு மேல் நெருக்க எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. பதிவுகள் அழிக்கப்பட்டன என்று நான் கையெழுத்திட்ட சான்றிதழ்களில் சில, அந்தப் பதிவுகள் என் முதுகுக்குப் பின்னால் பீரோவில் பத்திரமாக இருந்தபோது போட்டவை. அழிக்க வேண்டிய குழு கூடவில்லை, சான்றிதழ் அனுப்ப வேண்டிய தேதி வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அது ஒரு பீரோ. சாவி தொலைந்தால் யாருக்கும் கிடைக்காது. இப்போது தொலைவதற்குச் சாவியே இல்லை. தகவல் அறியும் உரிமையில் ஒரு மனு போட்டிருக்கிறேன். பதில் வராது என்று தெரியும். மேல்முறையீட்டுக்கான தேதியையும் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

ஊர்க்காரர்களிடமும் என் கடமையைச் செய்தேன். போன்களுக்குப் பூட்டுப் போடுங்கள், ஹாட்ஸ்பாட்டை அவ்வப்போது அணையுங்கள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்றேன். மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பூட்டுப் போட்டால் அடிக்கும்போது யார் எப்படி எடுப்பது என்று ஒருவர் சந்தேகம் கேட்டார். பூட்டியிருந்தாலும் வரும் அழைப்பை எடுக்கலாம் என்று காட்டினேன். நல்லதுங்க என்றார்கள். இரண்டு கோஸும் ஒரு கட்டு ரோஜாவும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த முறை போனபோது பெட்டி அப்படியேதான் தொங்கியது. பூட்டு ஒன்றிலும் இல்லை. எனக்கு ஏனோ எரிச்சல் வரவில்லை.

விசாரணை முடிந்தது என்ற குறுஞ்செய்தி அந்த வாரக் கடைசியில் வந்தது. மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது பாஸ்போர்ட் விரைவு அஞ்சலில் வந்தது. அவள் ஷிப்டில் இருந்தாள். வீட்டுக்காரி நான்தான், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். தபால்காரர் தலையை ஆட்டினார்.

"அவங்க கையிலதான் மேடம். கார்டு பாத்துட்டுத்தான் குடுக்கணும்."

பேராவது சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று கையை நீட்டினேன். அவர் உறையின் முகவரிப் பக்கத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லி சைக்கிளைத் திருப்பினார். அந்த மனிதரின் மேலதிகாரிக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினால் என்ன என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

மறுநாள் அவள் ஷிப்டை மாற்றிக்கொண்டு காலையிலிருந்தே கேட்டருகில் நின்றாள். அவர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். அவள் அங்கேயே நின்று உறையைக் கிழித்து முதல் பக்கத்தைத் திறந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். பட்டென்று மூடிவிட்டாள்.

"போட்டோ கேவலமா இருக்கு ஆன்ட்டி. பாக்காதீங்க."

நான் பார்க்கவில்லை. அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஏறிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கம்பெனிக்கு எண்ணை அனுப்பினாள்.